இரண்டு வேலைகளுக்கு நன்றி

மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வேதநாயகம் குடும்பம் எப்போதும் முதல் வரிசையில்தான் உட்காரும். அது பக்தியால் வந்த இடம் என்று சொல்லிவிட முடியாது. வேதநாயகத்துக்குத் தாமதமாக வருவது பிடிக்காது, மற்றவர்களுக்குச் சீக்கிரம் வருவது பிடிக்காது, ஆகவே முதல் வரிசை அவருக்கு வாய்த்துவிட்டது. பல வருடப் பழக்கத்தில் கோவிலே அவரைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்தால் பின்னால் இருக்கும் இருநூறு பேரும் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். மணிச் சத்தம் காதில் விழாதவர்கள்கூட அவர் முதுகைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் வேதநாயகம், அந்தப் பக்கம் மனைவி மோனிக்கா, நடுவில் இருபத்தேழு வயது மகள் ரோசலின். பூசை தொடங்குவதற்கு முன் கோவில் செயலாளர் டெரிக் மைக்கைத் தட்டிவிட்டுப் பூசைக் கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். இறந்தவர்களின் இளைப்பாற்றிக்கு, பிள்ளையின் பரீட்சைக்கு, குணமான முழங்காலுக்கு என்று ஆளாளுக்கு ஓர் உறையில் பெயரையும் காரணத்தையும் எழுதி, உள்ளே ஒரு காணிக்கையும் வைத்து, வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுவார்கள். டெரிக் அதை எழுதியபடியே வாசிப்பார். யோசித்து வாசிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

“ரோசலினுக்கு அரசாங்கத் தணிக்கைத் துறையில் வேலை கிடைத்ததற்கு நன்றியாக, வேதநாயகம் குடும்பத்தார்” என்று வாசித்தார் டெரிக்.

வேலைக்கான கடிதம் வந்தது உண்மை. ஆனால் ரோசலின் இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பீடத்தையே பார்த்தார். முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்த்தால் தணிக்கைத் துறையே அவருடைய சொந்தத் துறை என்று தோன்றும்.

டெரிக் அடுத்த வரிக்குப் போனார். “ரோசலினுக்குப் பாயான் லெப்பாஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததற்கு நன்றியாக, வேதநாயகம் குடும்பத்தார்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. வேதநாயகம் மெல்ல முன்னால் குனிந்து மகளைத் தாண்டி மனைவியைப் பார்த்தார். அதே நேரத்தில் மோனிக்காவும் குனிந்து கணவரைப் பார்த்தாள். இரண்டு தலைகளுக்கும் நடுவில் ரோசலின் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தரை பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று அவள் உண்மையாகவே ஜெபித்தாள். அன்றைய ஜெபங்களில் அதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் அடுத்தடுத்த நாட்களில் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அரசாங்கத் தணிக்கை அதிகாரி வேலை. இன்னொன்று பாயான் லெப்பாஸில் உள்ள அமெரிக்கக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் அரசாங்கம் தருவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன ஆடிட் நிறுவனத்தில் ஐந்து வருடம் ஓடி ஓடி உழைத்து, பரீட்சைகளையெல்லாம் எழுதி முடித்தவளுக்கு இரண்டுமே வேண்டிக் காத்திருந்த கதவுகள். இரண்டுக்கும் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டபோதெல்லாம் “பாக்கலாம்” என்று பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தாள். மகள் வாயைத் திறக்காத வீட்டில் பெற்றவர்கள் கடவுளைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கக் கேட்கும்படி கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவள் மறுக்க முடியாது அல்லவா? இந்தக் கெட்டிக்கார யோசனை இருவருக்கும் தனித்தனியே வந்திருந்தது. முப்பது வருடம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்களுக்கு யோசனையும் ஒரே மாதிரிதான் வரும்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரோசலின் டெரிக்கைத்தான் முதலில் பிடித்தாள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று ஆதங்கப்பட்டாள்.

“நான் என்னா நெனச்சேன், ஒனக்கு ரெண்டு வேலையும் கெடச்சிருச்சின்னு. ரெண்டு கெடச்சா ரெண்டு நன்றி சொல்றதுதானே-லா மொற?” என்றார் அவர் அப்பாவியாக. அவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

கோவில் கண்டீனில் தோசைக்கு நின்ற வரிசை முழுவதும் அவளுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கியது. அரசாங்கம் என்றால் ஆஸ்பத்திரிச் செலவு இல்லை என்றார் ஒருவர். பாயான் லெப்பாஸ் என்றால் வருடக் கடைசியில் போனஸ் வரும் என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். அரசாங்கத்தில் சேர்ந்தால் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குத் தூக்கி அடித்துவிடுவான் என்று பயம் காட்டியது ஓர் அக்கா. கம்பெனிக்காரன் ஒரு மெயிலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று பதிலுக்குப் பயம் காட்டியது இன்னோர் அக்கா. கணக்காய்வாளர் என்றால் என்ன வேலை என்பது அவர்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் ஆலோசனைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. ரோசலின் தோசையைப் பொட்டலமாகக் கட்டச் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையைச் சொன்னால், அவள் பாதி முடிவெடுத்தவள்தான். கம்பெனிக்குச் சம்மதம் சொல்லும் மெயிலை எழுதிக் கைப்பேசியில் வைத்திருந்தாள். படிப்புக் கடனை இரண்டு வருடத்தில் அடைத்துவிடலாம். ஜெலுத்தோங்கில் மின்தூக்கி அடிக்கடி மக்கர் செய்யும் இந்த அடுக்குமாடி வீட்டை விட்டு, அப்பா அம்மாவை நல்ல இடத்துக்கு மாற்றலாம். இதில் தப்பு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இருந்தும் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போகும்போதெல்லாம் ஹஸ்ருலின் முகம் வந்து நின்றது.

ஹஸ்ருல் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு முன், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு இருப்பைச் சரிபார்க்க ரோசலின் போயிருந்தாள். கிடங்கில் மூன்றடுக்கு உயரத்துக்குப் பலகை மேடைகளில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருந்தார்கள். கீழே நின்றபடி எண்ணிக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ரோசலினுக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. மேலே இருக்கும் ஒரு அடுக்கை இறக்கிக் காட்டச் சொன்னாள். ஹஸ்ருல் முதலில் மேலாளரின் முகத்தைப் பார்த்தான். மேலாளர் எங்கோ பார்த்தார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை உள்ளே விட்டுத் தூக்கினான். சரக்கு ஏறியதும் முனகும் அந்த வண்டி அன்றைக்கு முனகவே இல்லை. பிரித்துப் பார்த்தால், வெளிச்சுற்றில் இருந்த பெட்டிகளில்தான் பொருள் இருந்தது. உள்ளே எல்லாம் வெறும் அட்டை. இப்படி நாற்பது அடுக்குகள்.

அவளுடைய முதலாளி நாதன் அவளை வானளாவப் புகழ்ந்தார். அறிக்கையில் எண்கள் திருத்தப்பட்டன. அதை மொத்தமே ஐந்தாறு பேர் படித்தார்கள், பிறகு கோப்பு அலமாரிக்குள் போனது. அடுத்த வருடம் அந்தத் தொழிற்சாலை வேறு ஆடிட்டரைத் தேடிக்கொண்டது. யாரும் தப்பு செய்யவில்லை. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பதுதான் அந்தத் தொழிலின் ஒழுக்கம், ரோசலினும் அதைக் காத்தாள். ஆறு மாதத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது. எழுபது பேருக்கு வேலை போனது.

போன மாதம் டத்தோ கிராமாட் சாலை விளக்கில் நின்றபோது, சாப்பாடு கொண்டுபோகும் பெட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிள் அவள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். ஹஸ்ருல்தான். நலம் விசாரித்தான். பிறகு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத குரலில், மலாயில் கேட்டான்: “மிஸ், அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியும்தானே?” விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் பதில் சொல்வதற்குள் அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்கு முன்பே சண்டை தொடங்கியது. அந்த வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தனியார் தொழிற்சாலைகளில் உழைத்துத் தேய்ந்த வேதநாயகம் அரசாங்க வேலைக்காகக் கட்சி கட்டினார். இருபத்தொன்பது வருடம் அரசாங்க ஊழியராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்று, மாதம் தவறாமல் பென்ஷன் வாங்கும் மோனிக்கா கம்பெனிக்காகக் கட்சி கட்டினாள். அவரவர் பட்ட பாடு அவரவரைப் பேச வைத்தது.

வேதநாயகம் கிடங்குக் கணக்கர். தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய் மாக் மண்டினில் வேலை பார்ப்பவர். பதினான்கு வருடம் வேலை செய்த முதல் தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசல் கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியும். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே அடுத்த ஃபெரியில் திரும்பி வந்தார். ஒன்பது வருடத்துக்குப் பின் இரண்டாவது தொழிற்சாலையிலும் அதே கதை. ஐம்பத்தொரு வயதில் மூன்றாவது இடத்தில், தன்னில் பாதி வயதுக்காரர்களுக்குக் கீழே, கடைநிலைச் சம்பளத்தில் மறுபடி தொடங்கினார். அதைப்பற்றி வீட்டில் ஒரு நாளும் புலம்பியதில்லை. ஆனால் மகளுக்கு அந்தக் காகிதம் வரக்கூடாது என்று மட்டும் ஒரே பிடியாக இருந்தார்.

“பென்ஷன்” என்று ஒரே போடாகப் போட்டார் வேதநாயகம். அதுதான் அவர் கையில் இருந்த பெரிய சீட்டு.

ரோசலின் கடிதத்தை எடுத்துவந்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, கம்பெனிக்காரர்களைப்போல இ.பி.எஃப். சேமிப்புதான் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. வேதநாயகம் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே படித்தார். பிறகு மடித்து மேசையில் வைத்தார். அவ்வளவு உற்சாகமாகக் கோவிலில் நிமிர்ந்த தோள்கள் இறங்கியதைப் பார்க்க ரோசலினுக்குக் கஷ்டமாக இருந்தது.

மோனிக்காவுக்கு அது வெற்றி. அவள் தன் பக்கத்து வழக்கை எடுத்தாள். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த நாளில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாளோ அதே நாற்காலியிலிருந்துதான் எழுந்து வந்தாள். நாற்காலியின் துணியைக்கூட அவளே இரண்டு முறை தன் காசில் மாற்றியிருக்கிறாள். தலைமையாசிரியர்கள் ஏழு பேர் வந்து போனார்கள், மோனிக்கா கிராணி மோனிக்கா கிராணியாகவே இருந்தாள். மகள் அப்படி உட்கார்ந்தே கிடக்க வேண்டுமா? அதுவும் போகட்டும், அரசாங்கத்தில் எத்தனையோ துறை இருக்க, போயும் போயும் தணிக்கைத் துறையா?

ரோசலினுக்குத் தெரியும், அடுத்து மைலோ வரும் என்று.

வந்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை, அந்த வீட்டில் நூறு முறை கேட்டது. மோனிக்கா வேலை செய்த தமிழ்ப்பள்ளிக்கு ஒரு மார்ச் மாத வெயிலில் மூன்று தணிக்கை அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் பெயர் இஸ்மாயில். விருந்தாளிகள் வருகிறார்களே என்று மோனிக்கா காலையிலேயே போய்க் கறிபாப் பலகாரம் வாங்கி வந்து, தன் கையால் மைலோ கலக்கி, பள்ளிக்கூடத்தின் நல்ல கோப்பைகளில் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். அவர்கள் தொடவில்லை. இஸ்மாயில் அவளை அக்கா என்று மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டு, தணிக்கைக்குப் போகும் இடத்தில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தன் போத்தலில் இருந்து தண்ணீரைக் குடித்தார். மத்தியானம் மூன்று பேரும் வெயிலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார்கள். வீடு தேடி வந்தவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போவது என்ன மரியாதை? மோனிக்கா அன்றைக்கு ஆறிப்போன மைலோவை வாளியில் கொட்டினாள், ஆனால் மனசிலிருந்து கொட்டவில்லை.

“என் கையால கலக்குனத குடிக்காத கூட்டம் அது. அந்தக் கூட்டத்துல போயி எம் பொண்ணு சேரணுமா?” என்றாள். கதை எப்போதும் இந்த இடத்தில்தான் முடியும். இங்கே வந்ததும் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ரோசலினும் பதினோரு வருடம் அப்படித்தான் போயிருக்கிறாள். அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டாள்.

“அப்புறம் என்னாம்மா ஆச்சி?”

“என்னா ஆச்சின்னா?”

“அவங்க என்னாத்துக்கு வந்தாங்க? வந்துட்டுப் போனப்புறம் என்னா நடந்துச்சி?”

மோனிக்கா சற்றுத் தடுமாறினாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. வேண்டாவெறுப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த கம்ப்யூட்டர்கள் இரண்டு வருடமாகப் பெட்டி பிரிக்காமல் சாமான் அறையில் கிடந்தன. மின்கம்பி இழுக்க வேண்டிய குத்தகைக்காரன் வேலையை முடிக்காமலேயே முடித்துவிட்டதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தலைமையாசிரியர் எழுதச் சொல்லி மோனிக்காவே பதினேழு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த மூன்று பேர் வந்து சாமான் அறையைத் திறக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெட்டியாக இறக்கிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். சில மாதம் கழித்து அறிக்கை வெளியானது. அதில் ஒரே ஒரு பத்தி, ஒரு படம். அதைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துப் போட்டார்கள். சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். பெற்றோர் கையில் நகலோடு வந்து நின்றார்கள்.

“ஆறே வாரம்” என்றாள் மோனிக்கா. “ஆறு வாரத்துல ஆளு வந்து கம்பி இழுத்துட்டான். அதுக்கப்புறம் புள்ளைங்க…” அங்கே நிறுத்தினாள். “புள்ளைங்க மொத நாளு செருப்பக் கழட்டி வெளிய வச்சிட்டு அந்த ரூம்புக்குள்ள போனாங்க. கோயிலுக்குப் போற மாதிரி. நான் ஆபீஸ் சன்னல்லேருந்து பாத்தேன்.”

பதினேழு கடிதம் போகாத இடத்துக்கு ஒரு பத்தி போயிருக்கிறது. ரோசலினும் பெட்டிகளை இறக்கிப் பார்த்தவள்தான். அந்த மூன்று பேர் செய்த அதே வேலையைத்தான் மாக் மண்டினில் அவளும் செய்தாள், அவர்களைவிடக் குறைவாகச் செய்யவில்லை. அவள் எழுதியது அலமாரிக்குள் போனது, அவர்கள் எழுதியது பெற்றோர் கைக்கு வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைத்தான் ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூடத் தேடிக்கொண்டிருந்தாள். அது இத்தனை நாளும் அம்மாவின் மைலோ கதைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அவள் ஹஸ்ருலைப்பற்றி இருவருக்கும் சொன்னாள். தொழிற்சாலையின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வெறும் அட்டைகளைப்பற்றியும் சாலை விளக்கில் அவன் கேட்ட கேள்வியைப்பற்றியும் சொன்னாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, ஒங்க மொத ஃபேக்டரி மூடப் போறது அந்தக் காயிதத்த ஒட்டுறதுக்கு ஒரு வருசம் முந்தியே ஒரு ஆடிட்டருக்குத் தெரிஞ்சிருக்கும். என்னை மாதிரி ஒருத்தருக்கு. அவங்க எழுதியும் இருப்பாங்க. ஒங்களுக்குத்தான் அதப் படிக்கக் கெடச்சிருக்காது.”

வேதநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்த வெள்ளிக்கிழமையை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“நான் எழுதுறத யாரு வேணும்னாலும் படிக்கணும்ப்பா. அரசாங்கத்துல அந்த எடம் இருக்கு. பென்ஷனுக்காக இல்ல, அதுக்காக நான் போறேன்.”

சொல்லி முடித்தபோதுதான் முடிவெடுத்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. பாதிச் சம்பளம், எங்கே மாற்றினாலும் போவேன் என்று போட வேண்டிய கையெழுத்து, இன்னும் சில வருடம் இதே மின்தூக்கி. ஆனாலும் முதுகெலும்பு நேராக நின்றது. மோனிக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டன.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ரோசலின் அரசாங்கத்துக்குச் சம்மதம் அனுப்பினாள். கைப்பேசியில் இருந்த மற்ற மெயிலை அழித்துவிட்டு, கம்பெனிக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னாள். அவர்களும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். நாதன் மட்டும் அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், இந்த ஆபீஸில் பழகிய கண் இனி அரசாங்கத்தின் கண் என்று பெருமையாக அறிவித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு அவர் செலவு.

மோனிக்கா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமை சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தவள் ஒரு பையை மகள் மடியில் வைத்தாள். உள்ளே பெரிய ஃபிளாஸ்க் ஒன்றும், நான்கு அடுக்குப் பாத்திரம் ஒன்றும் இருந்தன. சாதாரணமானவை அல்ல, கடையில் இருந்ததிலேயே விலை கூடியவை.

“போற எடத்துல எவ கலக்கிக் குடுத்தாலும் குடிக்காதே” என்றாள் மோனிக்கா, மகளைப் பார்க்காமல். “ஆனா நல்ல மாதிரியா சொல்லு. அந்த இஸ்மாயில் சொன்னாரே, அந்த மாதிரி. குடுக்குறவளுக்கும் மனசு இருக்கு.” இன்னொன்றும் சொன்னாள். “வெயில்ல காடிக்குள்ள ஒக்காந்து வெறும் ரொட்டி திங்காதே. சோறு நான் கட்டித் தரேன்.”

ரோசலின் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மோனிக்கா திமிறுவதுபோல் பாவனை செய்தாள், ஆனால் விலகவில்லை.

சனிக்கிழமை மாலை ரோசலின் கோவிலுக்குப் போய் ஓர் உறையைப் பெட்டியில் போடாமல் நேராக டெரிக்கின் கையில் கொடுத்தாள். போன வாரம் பட்ட பாட்டில் டெரிக் இப்போது கொஞ்சம் உஷாராகியிருந்தார். இந்த முறை எந்த வேலை, அரசாங்கமா கம்பெனியா என்று முன்கூட்டியே கேட்டார். இரண்டும்தான் என்றாள் ரோசலின். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படித்துப் பாருங்கள் அண்ணே என்றாள். டெரிக் உறையைப் பிரித்துப் படித்தார். வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது முறையும் படித்தார். உள்ளே வைத்திருந்த காணிக்கையை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை.

மறுநாள் முதல் வரிசையில் மூன்று பேரும் வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். டெரிக் மைக்குக்கு வந்ததும் கோவில் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. போன வாரக் கூத்துக்கு இந்த வாரம் தொடர்ச்சி உண்டா என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்குத்தான் இல்லை? இளைப்பாற்றிகள் முடிந்தன. பரீட்சைகள் முடிந்தன. டெரிக் தொண்டையைச் செருமினார்.

“மாக் மண்டின் தொழிற்சாலைக் கிடங்குகளில் முப்பத்தொரு வருடமாக உழைக்கும் வேதநாயகம் அவர்களின் வேலைக்காகவும், தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் உழைத்த மோனிக்கா அவர்களின் வேலைக்காகவும், இந்த இரண்டு வேலைகளால் படித்து ஆளான மகள் ரோசலின், நன்றியாக.”

இந்த முறை யாரும் இருமவில்லை. மோனிக்கா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தொன்பது வருடத்தில் அவளுக்கு நற்சான்றிதழ்கூட ஒன்றுதான் கிடைத்தது, அதிலும் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். இன்று அவள் பெயரை இருநூறு பேர் கேட்கச் சரியாக வாசித்துவிட்டார்கள். ரோசலின் அவள் கையைப் பற்றிக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

வேதநாயகத்தின் வேலையைப்பற்றி இதுவரை உலகத்தில் ஒட்டப்பட்ட காகிதங்கள் இரண்டுதான், இரண்டும் தொழிற்சாலைக் கேட்டில். தன் பெயரும் தன் கிடங்கும் பீடத்துக்கு முன்னால் சொல்லப்படும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைக் கட்டினார், அவிழ்த்தார். பிறகு, மணி இன்னும் அடிக்கவில்லை, சாமியார் இன்னும் உள்ளே வரவில்லை, வேதநாயகம் எழுந்து நின்றுவிட்டார்.

முதல் வரிசையில் அவர் எழுந்ததைப் பார்த்து, பூசை தொடங்கிவிட்டது என்று நினைத்து, பின்னால் இருந்த இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள்.